கைக்குழந்தைகளுக்கு அனுமதியில்லை

எங்கள் ஊர் மைதானத்தில் எல்லாம் இருக்கிறது. கடல் காற்று இருக்கிறது, இரண்டு கோல் கம்பங்கள் இருக்கின்றன, ஒரு மேடை இருக்கிறது, அந்த மேடையில் உட்கார ஆசைப்படுகிறவர்கள் கதிரைகளைவிடக் கூடுதலாகவே இருக்கிறார்கள். இல்லாதது கரண்ட் மட்டும்தான். ஆகவே ஆட்டம் நடக்கிற நாளெல்லாம் ஒரு கறுப்பு வயர் மேடையிலிருந்து புறப்பட்டு, கோட்டோரமாக ஓடி, தெற்குக் கோலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மதிலில் ஏறி, சமையலறை ஜன்னலால் உள்ளே நுழைந்து, நான் மிக்ஸி போடுகிற பிளக் பொயின்டில் வந்து முடியும். அன்றைக்கு எனக்குச் சம்பல் அம்மியில்தான்.

வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவார். பேரப்பிள்ளை கண்ட பிறகும் அவருக்குப் பெயர் மாப்பிள்ளைதான். என் மாப்பிள்ளை சுபியான் வந்தபோது பெட்டிக்குள் நாலு சேர்ட்டும் ஒரு மைக்கும் இருந்தன. பகலில் கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடையில் சாறன் விற்கிறார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தின் அறிவிப்பாளர். கடையில் சாறனை விரித்துக் காட்டும்போதும் அதே குரல்தான் என்று வாங்கப் போனவர்கள் சொல்வார்கள்.

"காற்றைக் கிழித்துக்கொண்டு, கடலலையோடு போட்டியிட்டுக்கொண்டு, இதோ புறப்படுகிறது பந்து!" என்பார். அந்த நேரம் பார்த்துப் பந்து எங்கள் கோழிக்கூட்டுக்குள் வந்து விழுந்திருக்கும். அதை எடுக்கப் பொடியன்மார் வருவதற்காகவே மதிலில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறோம்.

ஒலிபெருக்கியின் கூம்பைக் கட்டியிருந்ததும் எங்கள் வளவுத் தென்னையில்தான். அது பார்த்தது மைதானத்தை அல்ல, ஊரை. மைதானத்துக்கு வந்தவனுக்குக் கண் இருக்கிறது, வராதவனுக்குத்தானே காது வேண்டும் என்பது விளையாட்டுக் கமிட்டியின் கணக்கு. அந்தக் கூம்புக்கும் ஊருக்கும் இடையில் எங்கள் படுக்கையறை ஜன்னல் இருந்ததை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இப்படியான வீட்டில்தான் என் மகள் நஸ்லின் பிறந்தாள். போன பருவத்து ஆட்டம் முழுவதையும் வயிற்றுக்குள் இருந்தே கேட்டாள். இந்தப் பருவம் தொடங்கியபோது அவளுக்குத் தவழ்கிற வயது. ஆட்டம் தொடங்கி மைக் சத்தம் வந்ததும் சேலை ஏணைக்குள் கல்லுப் போலத் தூங்குவாள். ஆட்டம் இல்லாத நாட்களில் அஸர் முதல் பொழுதுபட்டு மஃரிப் வரை வீட்டை இரண்டாக்குவாள். பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டாலும் நிற்காது, தாலாட்டுப் பாடினால் கொஞ்சம் கூடும்.

கடைசியில் ஒரு நாள் நான் பொறுமை கெட்டு, "உங்கட வாயாலதானே பழகினாள், நீங்களே பாருங்க" என்று பிள்ளையை அவர் கையில் வைத்தேன்.

மனிதர் இரண்டு முறை கனைத்தார். "மத்திய வரிசையிலிருந்து பந்து மெல்ல நகர்கிறது" என்றார். அழுகை நின்றது. "ஒருவரைக் கடக்கிறார், இருவரைக் கடக்கிறார்" என்றார். கண் சொருகியது. கோல் விழுவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது. அன்றிலிருந்து ஆட்டமில்லாத நாட்களில் என் வீட்டு விறாந்தையில், பார்ப்பவர் ஒருவருமில்லாத ஒரு பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. குரலைப் போனில் பதிவுசெய்து போட்டுப் பார்த்தார். அவள் ஏமாறவில்லை.

அரையிறுதியன்றுதான் வினை வந்தது. வெளியூர் ரசிகர் ஒருவர் கைக்குழந்தையோடு வந்து, எங்கள் பொடியன்மார் கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். கோல் விழுந்ததும் பொடியன்மார் வெடிக் கோர்வை ஒன்றைக் கொளுத்தினார்கள். மதில் கதவிடுக்கால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்தப் பிள்ளை அழவேயில்லை. வாயைத் திறந்தபடி விறைத்துப்போய் இருந்தது. அப்புறம் அழுத அழுகை என் நெஞ்சைப் பிடுங்கியது. பெண்கள் பந்தலிலிருந்து தாய் ஓடிவந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனாள்.

விடிவதற்குள் பேஸ்புக்கில் ஊர் இரண்டுபட்டது. பிள்ளையைக் கொண்டு வந்தவருக்கு அறிவில்லை என்று ஒரு கட்சி. பிள்ளை பெற்றவர்கள் சிறையிலா இருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. வெடியைக் கொளுத்தினவன் யார் என்று மட்டும் எந்தக் கட்சியும் கேட்கவில்லை. கொளுத்தினவனே முதல் கட்சியில் சேர்ந்து நீளமாக எழுதியிருந்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான்.

மறுநாள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது கூம்பு கதைத்தது.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! கமிட்டியின் தீர்மானப்படி, எதிர்வரும் இறுதிப் போட்டிக்குக் கைக்குழந்தைகளுக்கு அனுமதியில்லை! மீண்டும் அறியத்தருகிறோம், கைக்குழந்தைகளுக்கு அனுமதியில்லை!"

என் கரண்ட். என் தென்னை. என் மாப்பிள்ளையின் வாய். துருவலையைத் தள்ளி வைத்தேன்.

இந்த இறுதிப் போட்டியை நான் பார்க்காமல் விட முடியாது. எங்கள் அணியின் கோல் காப்பாளன் இன்ஸாப் என் ஒரே தம்பி. ஆட்டம் முடிந்த கிழமையே கட்டாருக்குப் போகிறான். விசா வந்து, டிக்கெட்டும் வந்துவிட்டது. அங்கே போனால் யார் அவனுக்குப் பந்தும் கோலும் கொடுக்கப்போகிறார்கள்? சின்ன வயதில் இந்த வளவு மணலில் அவனைக் கோலில் நிறுத்திப் பந்தடித்தது நான்தான். பாயப் பழகினது என் அடிக்குத்தான். பெரிய பெண்ணானதும் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், அவனை மைதானத்துக்கு அனுப்பினார்கள். போன பருவம் வயிற்றில் பிள்ளை, இந்தப் பருவம் கையில் பிள்ளை. அவன் ஒரு முழு ஆட்டம் ஆடி நான் பார்த்ததே இல்லை.

"அதுக்கென்ன, புள்ளைய ஊட்டுல வெச்சிட்டு வாவன்" என்றாள் பக்கத்து வளவில் இருக்கும் என் மூத்த சகோதரி சுபைறா. "கூட்டத்துக்குள்ள கொண்டு போனா கண்ணூறு படும்."

"அப்ப நீங்க வெச்சிருங்களன், ராத்தா."

"எனக்கு முன் வரிசைல கதிரை பிடிச்சிரிக்கி கா."

மாமி போனில் வந்தார். மாப்பிள்ளையின் தாய். "மகள், அந்தச் சத்தத்துக்குள்ள புள்ளைய கொண்டு போயிராதீங்க, காது செவிடாப் போயிரும்."

"நீங்க கொஞ்ச நேரம் பாத்துக்குவீங்களா மாமி?"

"நானும் பந்து மெச்சுக்கெல்லோ வாறன் மகள்."

புத்தி சொல்ல ஊரே வந்தது. பிள்ளையைப் பிடிக்க ஒரு கை வரவில்லை.

அந்தக் கிழமை மிட்வைஃப் தர்சிகா மிஸ் பிள்ளை பார்க்க வந்தார். திருக்கோவில் ஊர்ப் பெண், ஒன்றுக்கும் பதறாதவர். அன்றைக்கு மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். கூம்பு முழங்கிக்கொண்டிருந்தது. நானும் அவரும் ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு, ஆற்றுக்கு இரண்டு கரையிலும் நிற்கிறவர்கள் மாதிரிக் கத்திக் கதைத்தோம்.

"மிஸ், புள்ளைய மெச்சுக்குக் கொண்டு போகலாமா?"

"பக்கத்தில இருக்கிற ஆளோட கத்தித்தான் கதைக்கணும் எண்டா அந்த இடம் பிள்ளைக்குக் கூடாது!" என்று கத்தினார். கத்திவிட்டு நின்றார். என்னைப் பார்த்தார். ஏணையைப் பார்த்தார். எழும்பிப் போய் மதில் கதவைத் திறந்து மைதானத்துக்குள் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். "தங்கச்சி, அங்க சாதாரணமாக் கதைக்க ஏலும். உங்கட வீட்டுக்குள்ளதான் ஏலாது."

"இவள் இதுக்குத்தான் மிஸ் தூங்குறாள்."

"பழகினது வேற, நல்லது வேற. அந்தக் கூம்ப முதல்ல திருப்பச் சொல்லுங்க. மெச்சில வெடி மட்டும் ஆகவே ஆகாது. ஆக்கள் கத்தினா ரெண்டு காதையும் கையால பொத்திக்கொள்ளுங்க."

 ஊர்க் குழந்தைகளின் காதைப் பற்றிச் சட்டம் அறிவித்த என் மாப்பிள்ளை, தன் பிள்ளையின் காதுக்குள்ளேயே சட்டத்தை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் பிள்ளை தூங்கினால் போதும் என்று சும்மா இருந்திருக்கிறேன். அந்த இரவு அவருக்குச் சோறு போடும்போதே சொல்லிவிட்டேன்.

"கூம்பு திரும்பணும். வெடி நிக்கணும். புள்ளையோட நான் மெச்சுக்கு வரணும். இல்லாட்டி என்ட குசினில இருந்து கரண்ட் போகாது."

சுபியான் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார். "புள்ள, இது பைனல்."

"அதனாலதான் சொல்றன்."

கமிட்டிக்குத் தலை சுற்றியது. அவர்களுடைய ஜெனரேட்டர் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. பள்ளிவாசலில் கேட்டதற்கு, பாங்கு சொல்கிற கரண்டில் பந்தாட்டம் சொல்ல முடியாது என்று நிருவாகம் சொல்லிவிட்டது. எங்கள் மதிலைவிட்டால் வேறு மதில் இல்லை. எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான கமிட்டித் தலைவர் பதியுதீன் காக்கா நாலு பேரோடு என் விறாந்தைக்கு வந்தார். பலகை விற்கிற மரக்காலை வைத்திருப்பவர். மரம் மாதிரியே நிதானமாகக் கதைப்பார்.

"தங்கச்சி, நீங்க வாங்க. முன்னுக்கே கதிரை போட்டுத் தாறம். புள்ளைய மட்டும் ஊட்ட வெச்சிட்டு வாங்க."

"ஊட்ட ஆரு காக்கா இரிக்கி? எல்லாரும் உங்கட மெச்சுக்குத்தானே வாறாங்க."

காக்கா தேநீரில் ஒரு மிடறு குடித்தார். "விதி எண்டா எல்லாருக்கும் விதிதான். உங்களுக்கு விட்டா ஊரெல்லாம் கொண்டு வரும்."

"வரட்டும். அதுகளும் ஊர்தானே. வெடி கொளுத்துற கைய நிப்பாட்ட ஏலா, புள்ளைய தூக்குற கைய நிப்பாட்ட வந்திரிக்கீங்க."

தேநீர் முடிந்தது. கூம்பைத் திருப்ப ஒப்புக்கொண்டார்கள். அன்றே ஒருவன் தென்னையில் ஏறிக் கடல் பக்கம் திருப்பிக் கட்டினான். வெடியைப் பற்றி, "பாப்பம்" என்றார். பிள்ளையைப் பற்றியும், "பாப்பம்" என்றார். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் மாட்டோம் என்று அர்த்தம். போதாததற்கு, பிரதம அதிதியின் படம் போட்ட பெரிய பெனர் ஒன்றைக் கொண்டுவந்து என் மதில் கதவை மூடித் தொங்கவிட்டுப் போனார்கள்.

சரி, பார்ப்போம் என்று நானும் இருந்தேன். ஆட்டம் தொடங்கி விசில் ஊதட்டும், பிளக்கைப் பிடுங்குகிறேன்.

இறுதிப் போட்டி பொத்துவில் அணியோடு. அஸர் தொழுகை முடிந்ததும் ஊர் காலியாகி மைதானம் நிறைந்தது. சுபைறா ராத்தா புது அபாயாவோடு என் வாசலால் போனாள். என்னைப் பார்த்து, "பாவம்" என்று வேறு சொன்னாள். விசில் ஊதியது. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே!" என்று சுபியான் தொடங்கினார். குரல் இப்போது கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அதன் முதுகுதான் கேட்டது. அதுவே போதும் என்று நஸ்லின் கண்ணை மூடினாள்.

நான் சமையலறைக்குப் போய்ப் பிளக்கில் கை வைத்தேன். வைத்த கை வைத்தபடி நின்றேன்.

பிடுங்கினால் மைக் நிற்கும். மைக் நின்றால் பிள்ளை எழும்பும். பிள்ளை எழும்பினால் மஃரிப் வரை யார் தூக்கிக்கொண்டு நடப்பது? என் கையில் இருந்த ஒரே கத்தி என் பக்கம்தான் கூராக இருந்தது. இது எனக்கு முதலே விளங்கியிருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்குப் பாதிதான் விளங்கும்.

ஆகவே என் தம்பியின் கடைசி ஆட்டத்தை நான் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். கேட்டதில் ஒன்றும் தெரியவில்லை. "சிறுத்தையெனப் பாய்ந்தார் இன்ஸாப்!" என்பார் சுபியான். எந்தப் பக்கம் பாய்ந்தான் என்று சொல்ல மாட்டார். "இமயமென நின்றார்!" என்பார். அதே மூச்சில் அவன் முழங்கால் உரிந்ததாகவும் சொல்வார். நின்றவனுக்கு எப்படி முழங்கால் உரியும்? பொத்துவில் ஒரு கோல் போட்டது. எங்கள் அணி ஒரு கோல் போட்டது. வெடி ஒன்று கேட்டது, நல்லவேளை வடக்கு மூலையில். எனக்கு அழுகை வந்தது. மைதானம் இருபது பாகத் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் தம்பி கட்டாரிலேயே இருப்பது மாதிரி இருந்தது.

சமநிலையில் ஆட்டம் முடிந்து பெனால்டிக்குப் போனது. தெற்குக் கோல், என் மதிலுக்கு நேரே. இரண்டு அணியும் மாறி மாறி அடித்தன, விழுந்த கோல்கள் சமமாக வந்தன. எங்கள் கடைசி அடி உள்ளே போனது. பொத்துவிலின் கடைசி அடி மிச்சம். இன்ஸாப் அதைப் பிடித்தால் கிண்ணம் எங்களுக்கு.

அப்போதுதான் பொத்துவில் கெப்டன் றஸ்மி நடுவரிடம் போயிருக்கிறான். இது சுபைறா ராத்தா பிறகு சொன்னது. "றெப்ரி, மைக்ல கதைக்கிறவர் அந்தக் கீப்பர்ட மச்சான். எங்கட ஆள் அடிக்கப் போகக்குள்ள, இவர் இடது பக்கம்தான் அடிப்பார் எண்டு போன மெச்சுலயும் சொன்னவர். மைக்க நிப்பாட்டுங்க." நியாயமான பேச்சு. நடுவர் கையை உயர்த்தினார். மைக் நின்றது. கூட்டத்தையும் அமைதியாக இருக்கச் சொன்னார்கள். பல ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கடல் இரைவது என் அடுப்படிக்குக் கேட்டது.

ஏணை ஆடியது. ஒரு சிணுங்கல். அப்புறம் நஸ்லின் வாயைத் திறந்தாள்.

இனி நான் வீட்டில் நிற்க என்ன இருக்கிறது? தூங்குகிற பிள்ளைக்குத்தான் காவல். பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, கோழிகளை விலக்கிக்கொண்டு ஓடி, மதில் கதவைத் திறந்து, பிரதம அதிதியின் வயிற்றுக்குக் கீழால் தலையைக் குனிந்து மைதானத்துக்குள் காலை வைத்தேன். கோல் வலைக்குப் பின்னால் வந்து நிற்கவும், அடிக்கிறவன் ஓடி வரவும், நஸ்லின் தொண்டையைத் திறந்து ஓர் அலறல் போடவும் சரியாக இருந்தது. பந்து கோலுக்கு மேலால், பெனருக்கு மேலால், மதிலுக்கு மேலால் போய் என் சமையலறைத் தகரத்தில் இடி மாதிரி விழுந்தது.

எங்கள் ஊர் ஆர்ப்பரித்தது. பொத்துவில் அதைவிட ஆர்ப்பரித்தது.

"இது என்ன றெப்ரி? கைக்குழந்தைக்கு அனுமதியில்ல எண்டு நீங்கதானே ஊரெல்லாம் சொன்னீங்க?"

பதியுதீன் காக்கா ஓடி வந்தார். "தங்கச்சி!" என்றார்.  நான் கீழே பார்த்தேன். என் ஒரு கால் மைதானத்துப் புல்லில் இருந்தது. மற்றக் கால் கதவு நிலையில், என் வளவுக்குள்ளேதான் இருந்தது. அதையும் சொன்னேன். நடுவர் என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் முதலில் பிள்ளை அழுகையை நிறுத்த வேண்டும், மஃரிப் பாங்குக்கு முன் ஆட்டத்தை முடிக்க வேண்டும்.

சொல்வது சுகம். இன்ஸாப் கோலிலிருந்து ஓடி வந்து கையுறையால் விளையாட்டுக் காட்டினான். பதியுதீன் காக்கா நாக்கால் சத்தம் எழுப்பினார். நஸ்லின் அவரைப் பார்த்து இன்னும் கூட்டினாள்.

"மைக்கப் போடுங்க" என்றேன். "அவட வாப்பா கதைச்சாத்தான் இவள் நிப்பாட்டுவாள்."

"மைக் போட ஏலா!" என்றது பொத்துவில்.

மைக் போட்டால் அடிக்கிறவனுக்கு இடைஞ்சல். போடாவிட்டால் பிள்ளை அழும், அதுவும் இடைஞ்சல். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். மேற்கே வானம் சிவந்துகொண்டு வந்தது. கடைசியில் றஸ்மிதான் வாய் திறந்தான்.

"எனக்கும் ஊட்ட ஒண்டு இரிக்கி. மிக்ஸி போட்டாத்தான் தூங்கும்" என்றான். "அவர் கதைக்கட்டும் றெப்ரி. ஆனா பந்து, கோல், கீப்பர், அடி, இடது, வலது, ஒண்டும் வாயில வரப்படாது."

மேடைக்குச் செய்தி போனது. மைக் கரகரத்தது. "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே" என்றார் சுபியான். பிறகு நின்றார். பாவம், அந்த மனிதரிடம் இருந்த சொற்களையெல்லாம் பறித்துவிட்டார்கள். நஸ்லின் மறுபடி மூச்சை இழுத்தாள். அது மேடைக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் அவசரமாகத் தொடங்கினார்.

"இதோ ஒரு வீடு! வீட்டில் ஒரு சமையலறை! விடியற்காலை. ஊரே உறங்குகிறது. ஏணையில் ஒரு சலசலப்பு! இதோ எழும்புகிறார் சுல்பிகா! தனி ஒருவராக எழும்புகிறார்!"

சுல்பிகா நான்தான். நஸ்லின் அழுகையை நிறுத்தினாள். கூட்டம் காதைத் தீட்டியது.

"அவருடைய மாப்பிள்ளை எங்கே? இதோ, படுக்கையில்! கண்கள் மூடியிருக்கின்றன, ரசிகர்களே. ஆனால் தூக்கம் இல்லை! நடிப்பு! என்னே ஒரு நடிப்பு! சுல்பிகா அவரைத் தட்டுகிறார். அசையவில்லை! மீண்டும் தட்டுகிறார். இமயமென அசையவில்லை!"

பெண்கள் பந்தலில் ஒரு சிரிப்புக் கிளம்பி மைதானத்தைச் சுற்றி வந்தது. எனக்கு முகம் சூடானது. அப்படியா சேதி? இத்தனை நாளும் விழித்துக்கொண்டா கிடந்தீர்? நான் சடாரென்று மேடைப் பக்கம் திரும்பி அவரை முறைத்தேன். திரும்பும்போது தோளில் கிடந்த பிள்ளையின் முகம் கோல் பக்கம் போனது. கூட்டம் சிரிக்கத் தொடங்கியதால் மிஸ் சொன்னது நினைவு வந்து, அவளை முழங்கையில் அணைத்தபடி அவள் காதுகள் இரண்டையும் பொத்தினேன்.

"இதோ சுல்பிகா பார்க்கிறார்!" என்றது மைக். "ரசிகர்களே, சுல்பிகா என்னைப் பார்க்கிறார்! இந்தப் பார்வையை நான் அறிவேன்! ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சட்டம் வாசித்தேன், ஊட்டில் ஒரு நாளும் என் பிள்ளையை ஏணையில் இருந்து தூக்கவில்லை. இன்று முதல்…"

பின்னால் ஒரு அடிச் சத்தம். ஒரு தட்டுச் சத்தம். அதன் பிறகு மைதானம் வெடித்தது.

நான் திரும்பினேன். இன்ஸாப் மணலில் குப்புறக் கிடந்தான், அவன்மேல் அணி முழுவதும் கிடந்தது. பந்து கோலுக்கு வெளியே தனியாக உருண்டுகொண்டிருந்தது. பிடித்துவிட்டான். என் தம்பி பிடித்துவிட்டான், நான் பார்க்கவில்லை.

ஒருவன் வெடிக் கோர்வையோடு ஓடி வந்தான். பதியுதீன் காக்கா அதைப் பறித்துத் தன் சாறன் மடிப்புக்குள் செருகிக்கொண்டார். "புள்ள நிக்கிது, தெரியல்லையா?" என்று அவனை ஏசினார். அந்த வெடி அவருடைய மடியில் இருந்ததால், கிண்ணம் கொடுத்து முடியும்வரை அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் சிகரெட் பற்றவைக்கவில்லை.

இன்ஸாப் கூட்டத்துக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தான். நேரே என்னிடம் வந்தான். மூக்கு, வாய், இமை எல்லாம் மணல்.

"பாத்தீங்களா ராத்தா?"

 எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டான். அப்புறம் என் தோளைப் பார்த்தான். நஸ்லின் கண்ணை அகல விரித்து, வெற்றுக் கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருமகள் பாத்திட்டாள்" என்றான். "நான் பாயக்குள்ள என்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தாள். கண் வெட்டல்ல ராத்தா." சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன். மஃரிப் பாங்கு கேட்டது.

அன்றைக்கு இரவு ஊரே அந்த வீடியோவைத் தேடியது. ஆயிரம் போன் இருந்த மைதானத்தில் அந்தப் பாய்ச்சல் ஒன்றிலும் இல்லை. எல்லாரும் மேடைப் பேச்சைக் கேட்டுப் போனை என் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு நான் முறைக்கிறது எல்லா மூலையிலிருந்தும் தெளிவாக இருக்கிறது. அது பொத்துவில் வரை போனது. கண்ணால் கண்டதாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் இடக்கையால் தட்டினான் என்றார்கள், பாதிப்பேர் வலக்கால் என்றார்கள். கம்பத்தில் பட்டது என்கிறது பொத்துவில்.

"நீங்களாவது பாத்தீங்களா?" என்று சுபியானிடம் கேட்டேன்.

"நான் எங்க பாத்த? நான் உங்களையெல்லோ பாத்துக்கிட்டு இருந்தன்" என்றார். எழும்பி, அழாத பிள்ளையை ஏணையிலிருந்து தூக்கினார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம் முழுதாக இல்லை.

கமிட்டியின் புது அறிவித்தல் வந்துவிட்டது. கைக்குழந்தைகளுக்கு அனுமதி உண்டு, மேடைக்குப் பின்னால் தனி இடம் உண்டு, வெடிக்கு அனுமதியில்லை. அதையும் என் மாப்பிள்ளைதான் வாசித்தார், கடலைப் பார்த்து.

இன்ஸாப் கட்டாருக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவான். அறையில் இருப்பவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான், ஒருவரும் நம்பவில்லையாம். வீடியோ காட்டு என்றார்களாம். இருக்கிற வீடியோவைக் காட்டியிருக்கிறான். இது ஆரு, இந்தக் கோபக்காரி என்று கேட்டார்களாம்.

"என்ட சாட்சி மருமகள்தான் ராத்தா" என்றான் போன வெள்ளி. "கதை பழகினதும் முதல்ல அதக் கேளுங்க. மாமா எந்தப் பக்கம் பாய்ஞ்சார் எண்டு."

நஸ்லின் இப்போது "ப்பா" என்கிறாள், "ம்மா" என்கிறாள். தினமும் கதவைத் திறந்து அந்தக் கோலைக் காட்டி, மாமா எந்தப் பக்கம் பாய்ஞ்சார் என்று கேட்கிறேன். கையை நீட்டிக் காட்டுகிறாள். ஒரு நாள் இடது பக்கம், ஒரு நாள் வலது பக்கம். நானும் விடுவதாக இல்லை.